கல்லூரி மாணவரின் உறக்கமும் கைப்பேசியும்

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கழுகுமலைக்குச் சென்று வழிபட்டு வந்த குடும்பங்கள் இவ்வவையில் பல இருக்கும். பாறைச் சரிவில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறித்த பெயர்கள். அப்பெயர்களுள் ஆசிரியர் பெயரும் உண்டு, மாணாக்கர் பெயரும் உண்டு. குரத்தியர் என வழங்கப்பெற்ற பெண் ஆசிரியர் பெயரும் உண்டு. கி.பி. 8, 9 ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிய நாட்டின் பல ஊரினரையும் தன்பால் ஈர்த்த கல்விக் களமாக அம்மலை விளங்கிற்று. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் கோவில்பட்டி நகரம் உள்ளது. ஆயிரம் ஆண்டு கடந்தும் அவ்வட்டாரம் கற்க வருவோரின் வட்டாரமாகவே இருக்கிறது. 1984இல் தொடங்கப்பெற்ற நேஷனல் பொறியியற் கல்லூரியும், கோ. வெங்கடசுவாமி நாயுடு கல்லூரியும், இன்னும் பல கலை அறிவியற் கல்லூரிகளும் அந்நகரையொட்டி இயங்குகின்றன. விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு, சாத்தூர் என்று நாற்புறத்து ஊர்களிலிருந்தும் காலைப் பொழுதில் கல்லூரிப் பேருந்துகள் மாணவரை ஏற்றி வருகின்றன. அப்பேருந்துகளில் ஏறியவுடன் சன்னலில் தலை சாய்த்து உறங்கிவிடும் பிள்ளைகளைப் பற்றியே இவ்வுரை பேச முனைகிறது.

கரிசல் நாட்டுக் குடும்பங்களின் நிலையை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். ஆற்றுப் பாசனம் இல்லாத பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் வானத்தை நம்பி விளைபவை. நிலம் கைவிட்ட காலத்தில் அம்மக்களைத் தாங்கியது தீப்பெட்டித் தொழில். ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று அவ்வூரார் வழங்கும் ஆலைகளில் தாய்மார் உழைத்துச் சேர்த்த கூலியே எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமாயிற்று. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பைத் தொட்டவர் அப்பிள்ளைகளுள் பலர். அவர்களுக்கு ‘அரியர்’ என்னும் ஒரு சொல் தரும் அச்சம் பிறர்க்கு எளிதில் விளங்காது. ஒரு தாளில் தோற்றால் மறு தேர்வுக்குக் கட்டணம். தோற்ற தாள் நிலுவையில் இருக்கும்வரை வளாக நேர்காணலுக்கே அழைக்காத நிறுவனங்கள் பல. ஒரு பருவத்துச் சறுக்கல் ஒரு குடும்பத்தின் நான்காண்டுக் கணக்கைப் புரட்டிவிடக் கூடும்.

இப்பிள்ளைகளின் கையில் திறன்பேசி எவ்வாறு வந்தது என்பதையும் மறத்தலாகாது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ நிறுவனம் தன் சேவையைத் தொடங்கியபின் இணையத்தின் விலை நாடெங்கும் சரிந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது வகுப்பறையே கைப்பேசிக்குள் புகுந்தது. கடன்பட்டேனும் ஒரு கைப்பேசி வாங்கித் தராத பெற்றோர் தம் பிள்ளையின் படிப்பைத் தாமே கெடுத்தவராவர் என்ற நிலை எழுந்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத்தரவு பெறும் அட்டையைத் தமிழக அரசே ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்க்கு விலையின்றி வழங்க முன்வந்தது. ஆகவே, கைப்பேசி பாடநூலாக வீட்டுக்குள் வந்த ஒன்று. பாடநூலை வாங்கித் தந்த கையாலேயே அதனைப் பிடுங்கி எறி என்று கூறுவது பொருந்தாது. இன்றைய கல்லூரியில் பாடக்குறிப்பு, வருகைப்பதிவு, தேர்வு அறிவிப்பு யாவும் அதன் வழியே வருகின்றன என்பதால் அது நடவாத காரியமுமாகும்.

ஆயினும் வந்த நோக்கத்தோடு அது நின்றுவிடவில்லை. நாட்டின் ஊரகப் பகுதிகளில் கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ அறிக்கை 2024இல் 14 முதல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கேட்டறிந்தது. முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காகத் திறன்பேசியைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காட்டினர். அப்பிள்ளைகளே ஓரிரு ஆண்டுகளில் கல்லூரி வாயிலில் வந்து நிற்பவர்கள். விடுதி அறையில் தாய் தந்தையரின் கண்காணிப்பு இன்றி முதல் இரவைக் கழிப்பவர்கள்.

இவ்விடத்தில் பெரியோர் பலரும் வழக்கமாகக் கூறும் ஒரு குற்றச்சாட்டை ஆராய்வது தகும். ‘அக்காலத்துப் பிள்ளைகள் கோழி கூவும் முன் எழுந்தார்கள், இக்காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள்’ என்பது அது. உடலுக்குள் ஓர் உயிர்க்கடிகாரம் இயங்குகிறது. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை மரபணு அளவில் கண்டறிந்தமைக்காக 2017இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர்க்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அக்கடிகாரம் வாழ்நாள் முழுதும் ஒரே சீராக ஓடுவதில்லை. ஜெர்மானிய அறிஞர் டில் ரோனபெர்க் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருவ வயது தொடங்கியது முதல் உறக்க நேரம் சிறிது சிறிதாகப் பின்தள்ளிப் போகிறது. ஏறத்தாழ 20 வயதில் அது உச்சத்தைத் தொட்டு, அதன்பின் மீண்டும் முன்னோக்கித் திரும்புகிறது. கல்லூரி மாணவன் இரவு 9 மணிக்கு உறக்கம் வராமல் விழித்திருப்பதில் அவன் குற்றம் பாதிகூட இல்லை. இயற்கையே அவ்வயதினரைச் சற்று நேரம் கழித்து உறங்கச் செய்கிறது.

ஏற்கெனவே பின்தள்ளிப் போயிருக்கும் அக்கடிகாரத்தை மேலும் பின்னுக்கு இழுப்பதுதான் கைப்பேசி செய்யும் வேலை. இயற்கை ஒரு மணிநேரம் கடன் வாங்கினால் கைப்பேசி அதன்மேல் இரண்டு மணிநேரம் வட்டி வாங்குகிறது. கல்லூரிப் பேருந்தோ தன் நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை. 18 முதல் 25 வயது வரையுள்ளோர்க்கு இரவில் 7 முதல் 9 மணிநேர உறக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய உறக்க அறக்கட்டளை 2015இல் வரையறுத்தது. நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் படுத்து, பேருந்துக்காக ஐந்தரை மணிக்கு எழும் மாணவிக்குக் கிட்டுவது நாலரை மணிநேரமே. அவள் பேருந்தில் சன்னலில் சாய்ந்து உறங்குவதைக் கண்டு நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

கைப்பேசித் திரையின் நீல ஒளியே உறக்கத்தைக் கெடுக்கிறது என்னும் செய்தி எங்கும் பரவியுள்ளது. அதில் உண்மை உண்டு. ஆனால் அளவறிந்து கொள்ள வேண்டிய உண்மை அது. 2014இன் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 12 பேரை ஆய்வகத்திலேயே இரண்டு வாரம் தங்கவைத்துச் செய்த சோதனையை வெளியிட்டனர். உறங்கும் முன் நான்கு மணிநேரம் ஒளிரும் திரையில் நூல் படித்த இரவுகளில், மெலட்டோனின் என்னும் உறக்கச் சுரப்பு எழும் வேளை ஏறத்தாழ ஒன்றரை மணிநேரம் பிந்திற்று. ஆயினும் அச்சிட்ட நூலைப் படித்த இரவுகளைவிட அவர்கள் கண்ணயர எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் பத்து நிமிட அளவே. ஒளி திருடிய நேரம் பத்து நிமிடமானால், மாணவரின் இரண்டு மணிநேரத்தைத் திருடியது எது? திரையின் நிறத்தை மஞ்சளாக்கிவிட்டாலோ, அதற்கென விற்கும் கண்ணாடியை அணிந்துகொண்டாலோ தீர்ந்தது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒன்று முடியும் முன்னரே அடுத்ததை நீட்டும் ‘ரீல்ஸ்’, பதில் வந்ததா என்று பார்க்கத் தூண்டும் ‘வாட்ஸ்அப்’, ஒரு சுற்றோடு நிறுத்தவிடாத விளையாட்டு ஆகியனவே பெருந்திருடர்கள். நூலுக்கு ஓர் இறுதிப் பக்கம் உண்டு. வானொலிக்கும் ஒரு காலத்தில் நிகழ்ச்சி முடியும் நேரம் இருந்தது. இவற்றுக்கோ இறுதி என்பதே இல்லாதவாறு வகுத்திருக்கிறார்கள்.

உறக்கம் குறைந்தால் படிப்பு ஏன் குறைய வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சி நூறாண்டுப் பழமையுடையது. 1924இல் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் இரண்டே மாணவரைக் கொண்டு ஒரு சோதனை நிகழ்த்தினர். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, சில மணிநேரம் கழித்து எத்தனை நினைவில் நிற்கின்றன என்று கேட்டனர். மனப்பாடம் செய்தபின் விழித்திருந்த வேளைகளில் மறந்தவை மிகுதி. உறங்கிய வேளைகளில் மறந்தவை குறைவு. பிற்கால ஆய்வுகள் இதற்குக் காரணம் கண்டன. பகலில் கற்றவை மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் முதலில் தங்குகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அவை மீண்டும் மீண்டும் அசைபோடப்பெற்று, மூளையின் புறணியில் நிலையான நினைவாகப் பதிகின்றன. களத்தில் அடித்த கதிரைக் குதிரில் சேர்க்கும் வேலை இரவில்தான் நடைபெறுகிறது. இரவைச் சுருக்கியவன் பகலெல்லாம் அறுவடை செய்தும் குதிரை நிரப்பாதவனாகிறான்.

கல்லூரி மாணவர்க்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் அறிமுக வகுப்பு மாணவர் 100 பேர்க்கு உறக்கத்தை அளக்கும் கைப்பட்டை ஒன்றை அணிவித்து, பருவம் முழுவதும் கணக்கெடுத்தனர். அவர்களுள் 88 பேரின் கணக்கு முழுமையாகக் கிடைத்தது. மாணவர்க்கிடையே மதிப்பெண்ணில் இருந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 25 விழுக்காடு அவர்கள் உறக்கத்தின் அளவு, தரம், ஒழுங்கு ஆகியவற்றோடு பொருந்தி நின்றது. நள்ளிரவு 2 மணிக்கு மேல் படுக்கச் சென்றோர், பிறரைப் போன்றே ஏழு மணிநேரம் உறங்கியபோதும், மதிப்பெண்ணில் பின்தங்கினர். யாவற்றினும் வியப்பூட்டிய முடிவு வேறொன்று: தேர்வுக்கு முந்தைய ஓர் இரவில் நன்கு உறங்கியதற்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் எத்தொடர்பும் காணப்படவில்லை. பாடம் கற்ற நாள்கள், வாரங்களின் உறக்கமே மதிப்பெண்ணோடு தொடர்புற்றிருந்தது.

பிள்ளைகளைத் தேர்வுக்கு முந்தைய நாளில் மட்டும் ‘சீக்கிரம் படுத்துக்கொள்’ என்று வற்புறுத்தும் பெற்றோர் இம்முடிவை ஊன்றிக் கேட்க வேண்டும். கரிசல் மண்ணை அறிந்தோர்க்கு இதில் புதுமை தோன்றாது. கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கு மேலாக மானாவாரிப் பயிருக்கென உழைத்து வருவது. அம்மண் ஈரத்தை மெல்லவே வாங்கும். வாங்கியதை நெடுநாள் வைத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விட்டு விட்டுப் பெய்யும் மழை மண்ணுள் இறங்கினால், மழை நின்ற பின்னும் பயிர் அவ்வீரத்தை உண்டு தை வரை நிற்கும். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையோ ஓடையில் பாய்ந்து கண்மாய்க்குப் போய்விடும். பயிருக்குப் பயன் சிறிது. மாணவரின் ஒரு பருவத்து இரவுகளும் அத்தகையனவே.

2023இல் வெளிவந்த வேறோர் ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெஸ்வெல் முதலியோர், மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவர் 600க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தனர். அம்மாணவர் சராசரியாக இரவில் ஆறரை மணிநேரமே உறங்கினர். பருவத்தின் தொடக்க வாரங்களில் சராசரி உறக்கம் ஒரு மணிநேரம் குறையுந்தோறும், பருவ இறுதியில் நான்குக்குக் கணக்கிடும் தரப்புள்ளியில் 0.07 குறைந்தது. அம்மாணவர் முன்னர்ப் பெற்றிருந்த புள்ளிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் இவ்வீழ்ச்சி எஞ்சியது. ஆறு மணிநேரத்துக்குக் கீழே சென்றபோது சரிவு மேலும் கூர்மையாயிற்று. 0.07 என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். விளிம்பில் நின்று தேறும் மாணவனுக்கு அச்சிறு எண்ணே கரை.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. இவ்வாய்வுகள் உறக்கமும் மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்குவதைக் காட்டுகின்றன. எது எதனை இழுத்தது என்று ஒவ்வொரு மாணவரிடத்தும் அறுதியிட்டுக் கூற அவற்றால் இயலாது. கைப்பேசியால் உறக்கம் கெட்டவரும் உளர். உறக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தவரும் உளர். புதிய ஊர், ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு, புரியாத கணிதம், வீட்டுக் கடன் பற்றிய கவலை ஆகியன இரவில்தான் நெஞ்சில் வந்து அமர்கின்றன. அவ்வேளையில் கைப்பேசி அப்பிள்ளைக்கு மறதி தரும் மருந்து. அதனைப் பறித்துக்கொண்டால் கவலை மட்டுமே எஞ்சும். அதனால்தான், ‘எந்நேரமும் போன்தானே’ என்று கடிந்துகொள்ளும் முன், ‘வகுப்பு விளங்குகிறதா, நண்பர் கிடைத்தனரா’ என்று ஒரு வாய் கேட்பது நன்று.

திண்டிவனம், வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரங்களின் சமணக் குடும்பங்களிலிருந்து தொலைவூர் விடுதிகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் இரவும் இதனின் வேறன்று. சொல்லப்போனால் சமண இல்லங்களுக்கு இதில் தனியானதொரு கூறும் உண்டு. பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் வழக்கம், மாலையில் நீண்டதொரு ஓய்வைத் தந்தது. அவ்வோய்வில் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், சாமாயிகத்தில் அமர்ந்து, பின் விரைவில் உறங்கிய குடும்பங்கள் பல. இன்று பல வீடுகளில் உணவு ஆறு மணிக்கு முடிகிறது, உறக்கமோ பன்னிரண்டுக்கு. இடைப்பட்ட ஆறு மணிநேரத்தைத் திரை நிரப்புகிறது. பிள்ளையின் திரை மட்டுமா? தந்தையின் திரையும், தாயின் திரையும், சில வீடுகளில் தாத்தாவின் திரையுமாம். நுகர்பொருளுக்கு அளவும் காலமும் குறித்துக்கொள்ளும் போகோபபோக பரிமாணம் இல்லறத்தார்க்கு உரிய விரதம். வாழ்நாளுக்கும் விலக்குவது யமம், குறித்த காலத்துக்கு விலக்குவது நியமம் என்று அதிலேயே இரு வகை வைத்த முன்னோரின் நடைமுறை அறிவு பாராட்டத்தக்கது. கைப்பேசிக்கு யமம் இக்காலத்தில் இயலாது, நியமம் இயலும்.

அந்நியமம் எளியதாக இருத்தல் வேண்டும். இரவில் கைப்பேசிக்குப் படுக்கையைவிட்டு வேறோர் இடம் குறிப்பதே முதற்செயல். சார்ஜரைக் கூடத்திலோ அறையின் மறுகோடியிலோ வைத்துவிட்டால், படுத்தபடியே கையை நீட்டும் வழக்கம் அறும். ‘எழுப்புமணிக்காக அருகில் வைத்திருக்கிறேன்’ என்னும் காரணத்தைச் சிறு விலையில் கிடைக்கும் ஒரு மேசைக் கடிகாரம் தீர்த்துவிடும். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது எளிது. ஞாயிறன்று நண்பகல்வரை உறங்கும் மாணவன் திங்கள் இரவில் உறக்கம் வராமல் தவிக்கிறான். காப்பியில் உள்ள கஃபீன் பாதி கழியவே ஐந்து மணிநேரம் அளவில் ஆகும் என்பதால், மாலைக்குப் பின் அதனை விடுதல் நலம். விடுதி அறையில் மூவரோ நால்வரோ தங்கினால், ஒருவர் மட்டும் திருந்துவது கடினம். ஒருவரின் திரையொளியும் ஒலியும் மற்றவரை எழுப்பும். அறைத் தோழர் கூடி ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்வதே வழி.

படிக்கும் வேளையிலும் இவ்விடமாற்றம் உதவக்கூடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தோர், மேசைமேல் வைத்திருந்தோரைவிடச் சிந்தனைச் சோதனைகளில் மேம்பட்டனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாமே இதனை ஒப்பவில்லை. இருப்பினும், எழுந்து நடந்து சென்று எடுக்க வேண்டிய ஒரு பொருளைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பார் அரியர் என்பதற்கு ஆய்வு வேண்டுவதில்லை.

பொறுப்பு மாணவரோடு முடிவதில்லை. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரவு 11 மணிக்கு ‘நாளைக் காலை தேர்வு’ என்றோ, ‘இன்றிரவுக்குள் அனுப்புக’ என்றோ அறிவிப்பு இடும் ஆசிரியர், கைப்பேசியை அணைத்துவிட்டு உறங்கிய நல்ல மாணவனைத் தண்டிக்கிறார். அணைக்காதவனுக்குப் பரிசு தருகிறார். அறிவிப்புகளுக்கு இரவு 8 மணியை எல்லையாக வைப்பதற்குக் கல்லூரிக்குப் பணச் செலவு ஏதுமில்லை. பெற்றோரும் தம் வேலை முடிந்து இரவு பத்தரைக்குமேல் பிள்ளையை அழைத்து நெடுநேரம் பேசும் வழக்கத்தை மாலைக்கு மாற்றலாம்.

இத்தனை செய்தும் சிலர்க்கு உறக்கம் வாராது. கைப்பேசியை வைக்க எண்ணியும் வைக்க இயலாது. வகுப்புக்குப் போவதே நின்றுபோகும். அந்நிலை அறிவுரையால் தீரும் எல்லையைக் கடந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில், தொழில்நுட்பத்தை நலமாகப் பயன்படுத்துவதற்கென ‘ஷட்’ என்னும் தனிச் சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்னும் அரசு மனநலச் சேவையை 14416 என்னும் எண்ணில் எவரும் கட்டணமின்றி அழைக்கலாம். மருத்துவரைக் காணச் செல்லும் முன், இரண்டு வாரத்துக்குப் படுத்த நேரம், கண்ணயர்ந்த நேரம், எழுந்த நேரம் மூன்றையும் நாள்தோறும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் சென்றால் மருத்துவரின் பாதி வேலை முடியும். அதனைக் காலையில் எழுந்ததும் பேனாவால் எழுதுவதே தக்கது. குறித்து வைப்பதற்கென்று கைப்பேசியைத் திறந்தால் மேலும் ஒரு மணிநேரம் போய்விடும்.